கூடத்துத் தரையில் வைத்த கணக்கு

அரிசி ஒன்பது படி. துவரம்பருப்பு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மண்ணெண்ணெய் முக்கால் கேன். மெழுகுவத்தி ஏழு, அதில் இரண்டு பாதி எரிந்தது. தீப்பெட்டி நாலு. குடிக்கிற தண்ணீர் மூன்று குடம், புழங்குகிற தண்ணீர் அண்டாவில் பாதி. ரொக்கம் 1,340 ரூபாய். 2011 டிசம்பர் 30 சாயந்திரம், இருட்டுவதற்கு முன்னால், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில் அம்மா இதையெல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களைச் சுற்றி உட்காரச் சொன்னார்.

கடலூர்க்காரர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். எங்கள் ஊரில் காலத்தையே அப்படித்தான் எண்ணுவோம். சுனாமிக்கு முன்னாடி கட்டின வீடு, தானே புயல் அடிச்ச வருஷம் பிறந்த பிள்ளை, 2015 வெள்ளத்துல போன பீரோ. தானே புயல் அன்றைக்குக் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் என்று அப்புறம் பேப்பரில் படித்தோம். அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து கொல்லையில் விழுந்து உடைகிற சத்தம்தான். காற்று நின்றதும் கதவைத் திறந்து பார்த்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. எங்கள் முருங்கை வேரோடு போயிருந்தது, எதிர்வீட்டு வேப்பமரம் கரண்ட் கம்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாய்ந்திருந்தது.

அப்பா லாரி டிரைவர். அன்றைக்கு விஜயவாடா தாண்டி எங்கோ லோடோடு இருந்தார். செல்போன் டவர் எதுவும் வேலை செய்யவில்லை. வீட்டில் இருந்தது அம்மா, அப்பாவுடைய அம்மாவான எங்கள் ஆயா, பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான், பிளஸ் டூ படித்த தம்பி, ஆறாவது படித்த தங்கச்சி.

"இதான் நம்மகிட்ட இருக்கு," என்றார் அம்மா. "அப்பா எப்ப வருவாருன்னு தெரியாது. கரண்டு எப்ப வரும்னும் தெரியாது. பத்து நாளு ஆவும்னு வச்சிக்குவோம். யாரு எதப் பாத்துக்கறீங்க, சொல்லுங்க."

அவ்வளவுதான் பேச்சு. நான் வேலைக்குப் போய் 13 வருஷம் ஆகிறது, அதில் ஏழு வருஷமாகச் சூப்பர்வைசராக இருக்கிறேன், கம்பெனி செலவில் இரண்டு தடவை தலைமைப் பண்புப் பயிற்சிக்கும் போய்வந்திருக்கிறேன். அங்கே சொல்லித்தந்தவர்கள் நன்றாகவே சொல்லித்தந்தார்கள். ஆனால் நாலு பேரை வைத்து வேலை வாங்குவது என்றால் என்ன என்று எனக்கு உறைத்த இடம் அந்தக் கூடம்தான், அதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

யார் எதை எடுத்துக்கொண்டோம் என்று சொல்கிறேன். தம்பிக்குத் தண்ணீர். எனக்குப் பணமும் கடைக்குப் போவதும். ஆயாவுக்கு அடுப்பு. கேஸ் தீர்ந்துபோகிற நிலையில் இருந்ததால் விழுந்த தென்னை மட்டையையும் கிளைகளையும் உலர்த்தி விறகாக்குகிற வேலை, அதில் எது புகையும் எது நின்று எரியும் என்று எங்களில் ஆயாவுக்குத்தான் தெரியும். தங்கச்சி, "எனக்கு?" என்று கேட்டாள். நாங்கள் யாரும் அவளை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அம்மா ஏழு மெழுகுவத்தியையும் நாலு தீப்பெட்டியையும் எடுத்து அவள் மடியில் வைத்து, "வெளக்கு உன்னுது. பத்து நாளைக்கு வரணும். எப்ப ஏத்தணும், எப்ப அணைக்கணும்னு நீதான் சொல்லணும்," என்றார்.

பதினோரு வயசுப் பிள்ளையிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களோ, அதுதான் ஆனது. அவள் அதை உயிர் போகிற விஷயமாக எடுத்துக்கொண்டாள். ஒரு நோட்டில் கோடு போட்டாள், ஒரு மெழுகுவத்திக்கு இத்தனை நேரம் என்று அளந்தாள், ராத்திரி எட்டரைக்கு அணைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அம்மா அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், கையெல்லாம் சாம்பல், குழம்புச் சட்டி பாக்கி. தங்கச்சி போய் நின்று, "அம்மா, மணி எட்டரை," என்றாள். நான் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இரு, இந்த ஒரு சட்டி" என்று அம்மா சொல்லியிருக்கலாம், யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வோம். அம்மா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "அணைச்சிடு" என்றார். இருட்டில் தடவித் தடவி அந்தச் சட்டியைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

எனக்கு அப்போது 22 வயசு, அது ஒரு சின்ன விஷயமாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், அந்தப் பத்துப் பதினைந்து நாளில் அம்மா செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான் என்று தோன்றுகிறது. பொறுப்பைக் கொடுப்பது எல்லாரும் செய்வதுதான். கொடுத்த பொறுப்பு நம் வசதிக்குக் குறுக்கே வந்து நிற்கும்போது என்ன செய்கிறோம்? நான் என் செக்ஷனில் ஒரு பெண்ணிடம், "தரம் சரியில்லை என்றால் லைனை நிறுத்த உனக்கு உரிமை உண்டு" என்று சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் அவள் நிறுத்தியபோது, "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடும்மா" என்று சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் அவள் ஒருநாளும் லைனை நிறுத்தவில்லை.

தம்பி கதை வேறு. மோட்டார் ஓடாததால் தெருக் குழாய் எதிலும் தண்ணீர் இல்லை, அடுத்த தெருவில் இருந்த ஒரு அடிபம்புக்கு ஊரே வரிசையில் நின்றது, அப்புறம் சில தெருக்களில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மணிக்கணக்கில் காசு கொடுத்து மேல்தொட்டிக்கு ஏற்றினார்கள். முதல் நாள் தம்பி மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, அவன் முறை வரும்போது பம்பில் வாஷர் போய், வெறுங்குடத்தோடு வந்தான். பதினேழு வயசுப் பையன், அழுகையை அடக்கிக்கொண்டு குடத்தை டங்கென்று வைத்தான். ஆயா, "நான் அப்பவே சொன்னேன், கோயிலாண்ட போடான்னு" என்று ஆரம்பித்தார். அம்மா, "அத்த, தண்ணி அவன் பாத்துக்கறான்" என்று மட்டும் சொன்னார். பிறகு அவனிடம், "இன்னும் ரெண்டு குடம் இருக்கு. நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் தாங்கும். யோசிச்சி வை," என்றார். அவன் மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து போனான். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கேரியரின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டுகிற ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தான், ஒரு நடைக்கு மூன்று குடம். நாலாம் நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் அவன்தான் தண்ணீர் எடுத்தான், அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"ரெண்டு குடம் இருக்கு, நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் தாங்கும்" என்ற அந்த வாக்கியத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பரவாயில்லை என்று அம்மா சொல்லவில்லை, ஏன் இப்படிப் பண்ணினாய் என்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று சொன்னார். தப்பு செய்து தலைகுனிந்து நிற்கிறவனுக்கு அதைவிட உபயோகமானதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சரி, இப்போது சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஊர் உலகத்தோடு கருத்து வேறுபாடு. நல்ல தலைவர் கடைசியில் சாப்பிடுவார் என்கிறார்கள். நம் பக்கத்தில் அம்மாக்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இதை எழுதுகிறார்கள், எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சம் மீதியை வழித்துச் சாப்பிட்ட அம்மா என்று. எங்கள் வீட்டில் அப்படிச் செய்தவர் ஆயா. புயலுக்கு அப்புறம் ஐந்தாம் நாள் வாக்கில் ஆயா எழுந்திருக்கும்போது தலை சுற்றி அடுப்பு மேலேயே விழப் பார்த்தார். விசாரித்தால், மூன்று நாளாக "எனக்குப் பசியில்ல" என்று சொல்லிவிட்டுக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தன் பங்குச் சோற்றைத் தம்பிக்கும் தங்கச்சிக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார். எங்களுக்கெல்லாம் நெஞ்சு அடைத்துவிட்டது. அம்மாவுக்கு வந்தது கோபம்.

"நீங்க சாப்புடலன்னா அரிசி போதுதுன்னு நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன் அத்த," என்றார். "போதல. போதலன்னு எனக்குத் தெரிய வேணாமா? தெரிஞ்சா காலையிலயே கேழ்வரகு மாவு வாங்கிக் கூழு காய்ச்சியிருப்பேன்ல?"

அன்றைக்கு ராத்திரியிலிருந்து ஐந்து தட்டையும் ஒரே வரிசையில் வைத்து, ஒரே கரண்டியால் அளந்து போட்டுவிட்டுத்தான் யாரும் கைவைக்கலாம் என்று ஆனது. அம்மாவும் எங்களோடேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அது ஆயாவுக்கு ரொம்ப நாள் ஒட்டவில்லை, மருமகள் பிள்ளைகளோடு சேர்ந்து முதல் பந்தியில் உட்காருகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். கடைசியில் சாப்பிடுகிறவர் தியாகம் செய்கிறார் என்பது உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆயாவின் அன்பை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. ஆனால் அவர் தன் வயிற்றில் மறைத்துவைத்தது வீட்டின் பற்றாக்குறையை. அரிசி தீர்ந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மூன்று நாள் தெரியாமலே போய்விட்டது.

அப்பா நாலாம் நாளே வந்திருக்க வேண்டியது, ஆறாம் நாள்தான் வந்தார். விழுப்புரம் வரை லாரி, அங்கிருந்து கிடைத்த வண்டி, கடைசியில் நடை. வந்ததும் லாரிப் பழைய தார்ப்பாயை எடுத்துக் கூரைமேல் போட்டுக் கட்டினார், அதற்கப்புறம்தான் நாங்கள் மழை பயம் இல்லாமல் தூங்கினோம். எங்கள் தெருவுக்குப் பதிமூன்றாம் நாள் கரண்ட் வந்தது, பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். கடைசி நாள் தங்கச்சியிடம் ஒன்றரை மெழுகுவத்தி மிச்சம் இருந்தது. இடையில் நான் ஒரு பாக்கெட் வாங்கித்தந்திருந்தேன், அது வேறு கணக்கு.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

அப்பாவுக்கு முக்கியமான வருமானம் பண்ருட்டிப் பலா சீசன்தான். பங்குனி கடைசியிலிருந்து மூன்று நாலு மாசம் பலாப்பழ லோடு ஓயாமல் இருக்கும், அந்த நடைப் படியை நம்பித்தான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு புத்தகம், ஓட்டுக்கு மராமத்து, எல்லாமே. தானே அந்த மரங்களைத்தான் சாய்த்துவிட்டுப் போனது. முந்திரித் தோப்புகளும் பலாவும் படுத்துக்கிடந்ததைப் பார்த்து அப்பா ஒன்றும் பேசாமல் வந்தார். பலா மரம் மறுபடி வைத்துக் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று பண்ருட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2012 சீசனில் அவருக்கு வழக்கத்தில் பாதி நடைகூடக் கிடைக்கவில்லை.

அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்பார். மாசா மாசம் அம்மா கையில் பழைய தொகையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அது எங்கிருந்து வந்தது என்று ஆவணி மாசம் ஒரு சாயந்திரம் தெரிந்தது, நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த ஒரு ஆள் வண்டியை விட்டு இறங்காமலே அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்ட விதத்தில். மூன்று இடத்தில் வட்டிக்கு வாங்கி மொத்தம் 74,000 ரூபாய். அம்மா அன்றைக்கு ராத்திரி சண்டை போடவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், "ஏங்க, அந்த நோட்ட எடுத்தாங்க," என்றார். அப்பாவுடைய சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன டைரி அது. அப்பா எடுத்துவந்து அதே கூடத்தில் உட்கார்ந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், என்ன வட்டி என்று ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டாவது பெயரில் குரல் நின்றுவிட்டது, தங்கச்சி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். லாரியில் ராப்பகலாக ஆயிரம் மைல் ஓட்டுகிற மனுஷர், அந்த அரைப் பக்கத்தைப் படிக்க அத்தனை நேரம் ஆனது.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தான் ஒருவனே சுமந்துவிடலாம், பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால், எனக்கு வந்த முதல் வேலையை, சம்பளம் கம்மி என்று வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். தம்பி காலேஜை ஒரு வருஷம் தள்ளிவைத்திருப்பான், அல்லது ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருப்பான், அவனுக்கு அதுதான் ஆசையும்கூட. நாங்கள் எல்லாரும் தெரியாமல் பழைய கணக்கிலேயே வாழ்ந்துகொண்டிருந்தோம், வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அடைக்க மூன்றரை வருஷம் ஆயிற்று, அம்மா கம்மலும் போயிற்று.

இவ்வளவும் பார்த்து வளர்ந்த நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

நான் வேலை பார்ப்பது சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில், பேக்கிங் செக்ஷன், எனக்குக் கீழே 18 பெண்கள். ரெண்டு வருஷம் முன்னால் ஒரு திங்கட்கிழமை எங்களைக் கூப்பிட்டு, பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போய்விட்டது, அடுத்த மாசத்திலிருந்து மூன்று மாசத்துக்கு ஓவர்டைம் கிடையாது என்று சொன்னார்கள். ஆட்களிடம் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்லவில்லை. மாசக் கடைசி வரை நிம்மதியாக வேலை செய்யட்டும், அதற்குள் வேறு ஆர்டர் ஏதாவது வந்தாலும் வரும், எதற்கு இப்போதே வயிற்றைக் கலக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பத்து நாளும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அதை ஒரு பெருமையாகக்கூட உணர்ந்தேன், அவர்களுக்காக நான் சுமக்கிறேன் என்று.

அடுத்த வாரம் வியாழக்கிழமை எங்கள் செக்ஷனில் ஒரு அக்கா குழு லோனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ். வாரத் தவணை. ஓவர்டைமில் மாசம் 3,000 ரூபாய்க்கு மேல் வரும், அதை வைத்துத்தான் கட்டலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மறுநாள் கேன்டீனில் வேறு செக்ஷன் ஆட்கள் பேசியதிலிருந்து விஷயம் தெரிந்துவிட்டது. அவர் என்னிடம் வந்து சத்தம் போடவில்லை. டேப் ஒட்டுகிற கட்டரைக் கையில் பிடித்தபடியே, "மேடம், உங்களுக்குப் போன வாரமே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா போதும் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். இரண்டு மாசம் கழித்து வேலையை விட்டுவிட்டார். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், உட்கார வைத்து டீ கொடுத்தார், நன்றாகத்தான் பேசினார். திரும்பி வரவில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொல்லையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். "அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டது என்னிக்கி?" என்றார். வியாழக்கிழமை. "உனக்குத் தெரிஞ்சது?" அதுக்கு முந்தின வாரம் திங்கக்கிழமை. அம்மா விரல்விட்டு எண்ணினார், செதில் ஒட்டிய விரல்களால், ஒன்று, இரண்டு, என்று பத்து வரைக்கும். அப்புறம், "உங்க அப்பா மாதிரியே இருக்க," என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை, ஆசையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் லைன் ஓட ஆரம்பிக்கும் முன் பத்து நிமிஷம் எல்லாரையும் நிற்கவைத்து இருப்பைச் சொல்கிறேன். இந்த வாரம் எவ்வளவு ஆர்டர், அட்டைப்பெட்டி எத்தனை இருக்கிறது, யார் யார் லீவு, ஓவர்டைம் வருமா வராதா, எனக்குத் தெரியாதது எது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் முதலில் வாயில் வரவே இல்லை, ஏதோ மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம். ஒருதடவை பெட்டி லோடு இரண்டு நாள் தாமதம், என்ன செய்வது என்று தெரியவில்லை என்று சொன்னேன். ஓரத்தில் நின்ற புதுப் பெண் ஒருத்தி, ரிஜெக்ட் ஆகி வந்த பெட்டிகளில் பாதி, மேல்மூடிதான் கிழிந்திருக்கிறது, உள்பெட்டிக்கு அதையே வைக்கலாமே என்றாள். அந்தப் பெட்டிகளைத் தினமும் தாண்டித்தான் நான் என் மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பைக்கில் வந்த ஆள் பேசிய வார்த்தைகளைத் தங்கச்சி காதில் விழாமல் அம்மா பார்த்துக்கொண்டார். தொகையைச் சொன்னார், அவமானத்தைச் சொல்லவில்லை. புயல் அன்று ராத்திரி கூரையின் நடுச்சட்டம் இறங்கிவிடுமோ என்று விடிய விடிய அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்ததையும் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். எது நாங்கள் ஏதாவது செய்யக்கூடியதோ அது தரைக்கு வந்தது. மற்றது அவரிடமே இருந்தது. இந்தப் பிரிவினையை ஒரு ஆபீஸில் எப்படிச் செய்வது என்று இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், சில வாரம் அதிகமாகச் சொல்லிவிடுகிறேன், சில வாரம் குறைவாக.

கடைசியாக ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நாங்கள் புயல் போய்விட்டது என்று மூச்சுவிட்ட நேரத்தில்தான் மேற்கே பெய்த மழைக்குச் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருப்பது ஆற்றங்கரையில், உச்சிமேடு பக்கம்.

ஆயா இல்லை இப்போது, 2017-இல் போய்விட்டார். அப்பா லாரியை விட்டுச் சில வருஷம் ஆகிறது, சர்க்கரை. வீட்டைப் பார்த்துக்கொள்வது தம்பியும் அவன் மனைவியும்தான். நான் என் பையனோடு அங்கேதான் இருந்தேன். அன்றைக்கு அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. தங்கச்சியையும் மாமியாரையும் முதலில் கூட்டிவந்துவிடலாம், ஆம்பிளைகள் வீட்டுக்குக் காவலாக இருக்கட்டும் என்பது அம்மா எண்ணம். தம்பி, எல்லாரும் வரணும், ஆடு உள்பட, ஒரே டிரிப்பில், டிராக்டருக்குச் சொல்லிவிட்டேன் என்றான். அந்த மாமியார் வீட்டை விட்டு லேசில் கிளம்புகிற ஆளில்லை. "நான் வந்து பேசறேன்டா," என்றார் அம்மா. "வேணாம்மா. நான் பேசிக்கறேன்." அம்மா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "சரி, போயிட்டு வா," என்றார். அவன் போனதும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார், நான் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

சாயந்திரம் டிராக்டர் வந்தது. தங்கச்சி, மாப்பிள்ளை, மாமனார், மாமியார், அவர்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு, இரண்டு ஆடு. எங்களோடு சேர்த்து 13 பேர். கரண்ட் இல்லை. போன் சார்ஜ் குறைந்துகொண்டிருந்ததால் டார்ச்சை அணைத்துவிட்டோம். தம்பி உள்ளே போய் அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் போட்டான். அப்புறம் பருப்பு டப்பா, எண்ணெய், தண்ணீர் கேன், மெழுகுவத்திப் பாக்கெட், பர்ஸ். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் சுவர் ஓரமாக உட்கார்ந்து, மறுநாள் காலைக்கு உளுந்தை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"அம்மா, சிலிண்டர் மாத்தி எத்தினி நாளாவுது?" என்று தம்பி கேட்டான்.

"பதினெட்டு நாளு," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

என் பையனுக்கு ஒன்பது வயசு. தன் பங்குக்கு எதுவும் வராமல் போய்விடுமோ என்று முழங்காலில் எழுந்து நின்றுகொண்டிருந்தான். தங்கச்சி மெழுகுவத்திப் பாக்கெட்டை எடுத்து அவனிடம் கொடுத்து, காதோடு காதாக என்னவோ நீளமாகச் சொல்லிக்கொடுத்தாள். அவன் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டான்.

எட்டரை ஆனதும் அவன் நேராக எங்களிடம் வரவில்லை, பாட்டி முன்னால் போய் நின்றான். முறத்தில் பாதி உளுந்து பாக்கி இருந்தது. அம்மா அவனை ஒருமுறை பார்த்துவிட்டு முறத்தை அப்படியே கீழே வைத்தார்.